சிமெண்டிலே கோலம்!

திண்டுக்கல்லில் புது வீடு கட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். சுவர் எழும்பி, கூரையும் போட்டாயிற்று. "தரைக்கு என்ன போடுவது?" என்று கையைப் பிசைகிறார்கள்.

அவர்கள் நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழியாக ஒரு முறை காரைக்குடிப் பக்கம் போய் வரலாம். சுமார் 100 கிலோமீட்டர்தான். அங்கே ஆத்தங்குடியில் சிமெண்டிலே பூப்போட்ட தரைக்கல் செய்கிறார்கள்.

சூளை கிடையாது, யந்திரமும் கிடையாது. ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சின் அறைகளில் வர்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கும்போது கை நடுங்கினால் பூ போச்சு! மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவையால் நிரப்பி மட்டம் செய்கிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி, அப்புறம் வெயில். காய்ந்ததும் கண்ணாடி தானாகவே விட்டுவிடுகிறது. கல்லில் முகம் பார்க்கலாம்! கண்ணாடியின் வழவழப்பைச் சிமெண்டு வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான் ரகசியம்.

19-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இத்தகைய கற்களை யந்திரத்தால் அழுத்திச் செய்தார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் வியாபாரம் செய்த நகரத்தார், வெளிநாட்டுக் கற்களை வரவழைத்துத் தங்கள் மாளிகைகளில் பதித்தார்கள். ஆத்தங்குடித் தொழிலாளிக்கோ யந்திரம் வேண்டியிருக்கவில்லை.

கடையில் விற்கும் பீங்கான் டைலில் சித்திரம் மேல்தோலோடு சரி. இதில் வர்ணம் சில மில்லிமீட்டர் உள்ளே இறங்கியிருக்கிறது. ஆனால் புளியும் எலுமிச்சையும் கறைபடுத்தும்; ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது.

வாங்கும்போது பத்துக் கல் கூடுதலாக வாங்கிவிடுங்கள். கையால் கலக்கிய வர்ணம். பிறகு ஒன்று உடைந்தால் அதே சிவப்பு மறுபடி கிடைப்பது அரிது.