சுண்ணாம்பின் எடைக் கணக்கு

கால்சியத்தின் அணு நிறை 40.08. அதே எண்ணைக் கிராமாக எடுத்துக்கொண்டால் அது ஒரு மோல் கால்சியம், அதில் 6.022 × 10²³ அணுக்கள் இருக்கும். எந்தப் பொருளானாலும் ஒரு மோலில் உள்ள துகள்களின் எண்ணிக்கை இதுதான். எடை மட்டும் பொருளுக்குப் பொருள் மாறும். அந்த எடையே மோலார் நிறை. கால்சியம் இயற்கையில் தனித்துக் கிடைப்பதில்லை. 1808-இல் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தால் பிரித்தெடுக்கும்வரை அதை உலோகமாகப் பார்த்தவர் யாருமில்லை. ஆகவே கடையிலும் ஆலையிலும் தராசில் ஏறுவது பெரும்பாலும் அதன் சேர்மங்கள்தான்.

அவற்றில் முதலிடம் கால்சியம் கார்பனேட்டுக்கு. சுண்ணாம்புக்கல், சலவைக்கல், கிளிஞ்சல், முட்டை ஓடு எல்லாம் பெரும்பகுதி இதுவே. கால்சியத்துக்கு 40.08, கார்பனுக்கு 12.01, மூன்று ஆக்சிஜனுக்கு 48.00 எனக் கூட்டினால் 100.09 கிராம். காளவாயில் ஏறக்குறைய 900 டிகிரி செல்சியசில் சுடும்போது இதில் 44.01 கிராம் கார்பன் டை ஆக்சைடாகப் பிரிந்துபோக, 56.08 கிராம் கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு, மிஞ்சுகிறது. ஒரு டன் தூய கல்லைச் சுட்டால் கைக்கு வருவது 560 கிலோதான். காணாமற்போகும் எடை ஒரு வாயுவுடையது என்பதை ஸ்காட்லாந்தில் பணியாற்றிய ஜோசப் பிளாக் 1750-களிலேயே தராசை நம்பிக் கண்டுபிடித்தார்.

அரியலூரின் சிமென்ட் ஆலைகளுக்கும் இதே கணக்குத்தான். நிலக்கரியைக் கைவிட்டு வேறு எரிபொருளுக்கு மாறினாலும், கல்லுக்குள் அடைபட்ட வாயு வெளியேறியே தீரும். சிமென்ட் ஆலையிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடில் பாதிக்கு மேல் இப்படிக் கல்லிலிருந்து வருவது. எரிபொருளைப் பற்றியே நடக்கும் விவாதங்களில் இது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் கொதித்துப் பொரிந்து நீறும். 56.08 கிராமுடன் 18.02 கிராம் நீர் சேர்ந்து 74.10 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகிறது. சூட்டில் ஆவியாகிப் போவதையும் சேர்த்து, நடைமுறையில் இன்னும் அதிக நீர் தேவைப்படும். சுவரில் பூசியபின் இது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை மெல்ல வாங்கிக்கொண்டு நீரை விடுகிறது, 74.10 மீண்டும் 100.09 ஆகிறது. காய்ந்து இறுகும் சுண்ணாம்புப் பூச்சு, உண்மையில் திரும்பவும் கல்லாகிக்கொண்டிருக்கிறது.

ஜிப்சத்தில் கால்சியம் சல்பேட்டுடன் இரண்டு நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கின்றன. மோலார் நிறை 172.17. சுமார் 150 டிகிரியில் ஒன்றரை மூலக்கூறு நீர் போனால் 145.15 நிறையுள்ள பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். உடைந்த எலும்புக்குக் கட்டும் மாவு இறுகுவது, இழந்த அந்த நீரைத் திரும்பப் பெறுவதால்தான்.

மோலார் நிறை பொதுமக்களுக்கு அதிகம் பயன்படும் இடம் மருந்துக்கடை. கால்சியம் கார்பனேட்டின் எடையில் கால்சியம் 40 விழுக்காடு. எனவே 1250 மி.கி. மாத்திரையில் 500 மி.கி. கால்சியம் உண்டு. மருந்துகளில் வழக்கமாகச் சேரும் நீருள்ள கால்சியம் சிட்ரேட்டின் மோலார் நிறை 570.5. அதில் கால்சியம் அணுக்கள் மூன்று இருந்தும் பங்கு 21 விழுக்காடே. 430.37 நிறையுள்ள கால்சியம் குளுக்கோனேட்டில் 9 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். மாத்திரையின் மொத்த எடையை வைத்து இரண்டு மருந்துகளை ஒப்பிடுவது வீண். அட்டையில் ‘எலிமென்டல் கால்சியம்’ என்று எவ்வளவு போட்டிருக்கிறது என்றே பார்க்க வேண்டும்.

குடிநீர் ஆய்விலும் கார்பனேட்டின் 100 கைகொடுக்கிறது. நீரின் கடினத்தன்மையை, அதில் எந்த உப்பு கரைந்திருந்தாலும், கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டே எழுதுவார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. அறிக்கையில் கால்சியக் கடினத்தன்மை 100 என்றிருந்தால் நீரிலுள்ள கால்சியம் 40 மி.கி. மொத்தக் கடினத்தன்மையை இப்படி மாற்றக் கூடாது. மாற்றினால் மக்னீசியத்தின் பங்கும் கால்சியத்தின் கணக்கில் ஏறிவிடும்.