பழைய காரில் கை வைக்கும் முன்

2023 நவம்பர் 13, தீபாவளிக்கு மறுநாள் காலை. ஹைதராபாத் நாம்பள்ளிக்கு அருகே பஜார்காட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. தரைத்தளத்தில் ரசாயன டிரம்கள் அடுக்கிக் கிடந்தன. அதே இடத்தில் ஒரு காரைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள், அப்போது கிளம்பிய தீப்பொறிதான் டிரம்களைப் பற்றவைத்தது என்று முதல்கட்ட விசாரணைக்குப் பின் அதிகாரிகள் தெரிவித்தார்கள். வேலை நடந்தது கீழே. உயிர் போனது மாடியில் குடியிருந்தவர்களுக்கு. குறைந்தது ஒன்பது பேர் மாண்டார்கள்.

பழைய காரை வீட்டிலேயே பிரித்து மாட்டும் ஆசை உள்ள எல்லோரும் இந்த விபத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆசையில் தவறில்லை. ஹைதராபாத் நிஜாம்களின் ஊர். ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கானுக்காகச் சொல்லிவைத்த ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட், 1911இல் அவர் காலமான பிறகுதான் வந்து சேர்ந்தது. சௌமஹல்லா அரண்மனையில் நிறுத்தியிருக்கும் பழைய வண்டிகளைப் பார்க்க இன்றும் கூட்டம் வருகிறது. செகந்திராபாத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் தாத்தா ஓட்டிய அம்பாசடரையோ ஃபியட்டையோ விற்க மனம் வராமல் வைத்திருக்கிறவர்கள் உண்டு. அந்த வண்டியை மறுபடி ஓடவைக்க நினைப்பது நல்ல காரியம். எங்கே வைத்துச் செய்கிறோம், எதுவரை செய்யலாம், தகராறு வந்தால் எங்கே போவது என்ற மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.

இடத்திலிருந்து தொடங்குவோம். ஹைதராபாத் அடுக்குமாடிகளில் கார் நிறுத்தும் இடம் பெரும்பாலும் நிலமட்டத்துக்குக் கீழேதான். ஊர் வழக்கில் அது செல்லார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். மோட்டார் பம்பு ஓடத் தொடங்கும்போது ஸ்விட்சில் வரும் சிறு பொறி அதற்குப் போதும். எனவே கார்புரேட்டரைக் கழற்றுவது, பெட்ரோல் டாங்கியை இறக்குவது, தின்னரில் பாகங்களைக் கழுவுவது ஆகிய எதையும் செல்லாரில் செய்யவே கூடாது. நாலு பக்கமும் திறந்த இடம் இல்லையென்றால் அந்த வேலையை வெளிப் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

பெட்ரோலைச் சேர்த்துவைப்பதற்கும் சட்டத்தில் அளவு உண்டு. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாத பெட்ரோலை 30 லிட்டர்வரை உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். அதையும் இறுக மூடிய பாத்திரத்தில்தான் வைக்க வேண்டும்: கண்ணாடி என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது, உலோகம் என்றால் 25 லிட்டருக்கு மேல் கூடாது. சொந்த வண்டி ஓட்டுவதற்காக வைத்திருப்பவர்களுக்குச் சற்றுக் கூடுதல் சலுகை இருக்கிறது. ஆனால் 30 லிட்டரைத் தாண்டிவிட்டால், ஆள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் எந்த அறையோடும் தொடர்பில்லாத தனி இடத்தில்தான் அது இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மாடியில் குடும்பங்கள் தூங்கும் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் கேன் அடுக்குவது எந்தச் சலுகையிலும் அடங்காது. அலட்சியத்தால் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி தீயையோ எரிபொருளையோ கையாண்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 287ஆம் பிரிவில் ஆறு மாதம்வரை சிறை உண்டு. உயிரே போய்விட்டால் 106ஆம் பிரிவில் ஐந்தாண்டுவரை.

காலி டாங்கியை வெல்டிங் வைக்கக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கிதான் பயங்கரம், ஏனென்றால் உள்ளே ஆவியும் காற்றும் வெடிக்கும் விகிதத்தில் கலந்திருக்கும். பெட்ரோலை வடித்து ஒருநாள் வெயிலில் வைத்தாலும் தையல் ஓரங்களில் மிச்சம் நிற்கும். அந்த வேலையை ரேடியேட்டர், டாங்கி பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் விடுங்கள். இன்னொன்று: இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடுவரை எத்தனால் கலந்திருக்கிறது. ஐம்பது ஆண்டுக்கு முந்திய ரப்பர் குழாயும் கேஸ்கெட்டும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறி, வெடித்து, சூடான இன்ஜின்மீது கசியும். இன்ஜினைத் திறக்கிறோமோ இல்லையோ, எத்தனால் தாங்கும் குழாய்களை முதலில் மாற்றிவிட வேண்டும். வீட்டு உபயோக எரிவாயு சிலிண்டரைக் கட்டிங்குக்கோ வெல்டிங்குக்கோ பயன்படுத்துவது சட்டப்படி குற்றம்.

தீ கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. தெரியாத ஆபத்தும் உண்டு. பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே சாம்பல்நிறத்தில் மாவுபோல ஒரு தூசி படிந்திருக்கும். நம் மெக்கானிக்குகள் அதைக் கம்பிரஸர் காற்றால் ஊதிவிடுவார்கள், அல்லது வாயால் ஊதுவார்கள். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் பிளேட்டிலும் கல்நார் உண்டு. ஊதினால் அதன் இழைகள் காற்றில் மிதந்து நுரையீரலுக்குள் போய் அங்கேயே தங்கிவிடும். அதனால் வரும் புற்றுநோய் இருபது, முப்பது ஆண்டு கழித்தும் தலைகாட்டும். அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவிட வேண்டும். பழைய பெயின்டைச் சுரண்டும்போது வரும் தூசியில் ஈயம் இருக்கக்கூடும்; குழந்தைகள் விளையாடும் வாசலில் அதைச் செய்யாதீர்கள். ஹார்டனர் கலந்து ஸ்பிரே செய்யும் பெயின்டின் ஆவி தீராத ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடும். சாதாரண துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. ஜாக்கியில் மட்டும் தூக்கிய வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். செங்கலும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது. பாரம் ஏறினால் சொல்லாமல் நொறுங்கும்.

இனி, வண்டியை எதுவரை மாற்றலாம் என்ற கேள்வி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஹாட் ராட் என்பது அமெரிக்கர்களின் பழக்கம்: 1930களில் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் பழைய ஃபோர்டுகளின் பாரத்தைக் குறைத்து, இன்ஜினின் வேகத்தைக் கூட்டி ஓட்டியதில் வளர்ந்தது. அதைப் படத்தில் பார்த்துவிட்டு, அம்பாசடரின் கூரையை வெட்டி இறக்கி, ஜப்பானிய இன்ஜின் மாட்டி, சாலையில் ஓட்ட ஆசைப்படுகிறார்கள். இந்தியாவில் அதற்கு வழியில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழின் விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. கூரைக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று, சேஸிஸுக்கு ஒன்று என்று தனித்தனியே கணக்கு. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி, உங்கள் வண்டிக்கு நேர்ந்த சேதத்துக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுக்கலாம்.

கற்பனைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. பழைய இரும்பிலிருந்து விசித்திர வடிவங்களில் வண்டிகள் செய்த கே. சுதாகர், 2010இல் பகதூர்புராவில் சுதா கார் அருங்காட்சியகத்தைத் திறந்து அவற்றை அங்கே வைத்தார். 2005இல் அவர் செய்த மாபெரும் மூன்றுசக்கரச் சைக்கிள் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது. வேகம்தான் வேண்டும் என்றால் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தளம்போன்ற இடம் இருக்கிறது. வண்டியைக் கேரியரில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும்.

வண்டியைப் பழைய நிலைக்கே மீட்பவர்களுக்குச் சட்டம் சாதகமாக நிற்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த 81ஏ முதலான விதிகளின்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த, சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவை பெரிதாக மாற்றப்படாத காரும் இருசக்கர வண்டியும் ‘வின்டேஜ்’ தகுதி பெறலாம். பரிவாஹன் தளத்தில் இன்சூரன்ஸ், பழைய ஆர்.சி., இறக்குமதி வண்டி என்றால் சுங்க ஆவணம் ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. சான்றிதழ் பத்தாண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிய பதிவுக்கு மாநில எழுத்துக்குப் பின் ‘விஏ’ வரும். அன்றாடம் அலுவலகம் போக அந்த வண்டியை எடுக்க முடியாது, வாடகைக்கும் விட முடியாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலை. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகை பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாங்கும்போது பெயின்டைப் பார்த்து மயங்காதீர்கள். சேஸிஸ் எண் பொறித்த இடத்தைத் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில் சீராக விழ வேண்டும். சுற்றிலும் கிரைண்டர் தேய்த்த தடமோ, வெல்டிங் மேடோ, ஒரு எழுத்து மட்டும் சாய்ந்தோ தெரிந்தால் அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். எண் சரியாக இருந்தாலும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் அது திருட்டு வண்டியா என்று பார்த்துவிடுங்கள். உதிரிபாகமானாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கிவைத்தவருக்கும் தண்டனை உண்டு. அதே வகை இன்ஜினைத்தான் மாற்றப்போகிறீர்கள் என்றாலும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கி, புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிய பிறகே சாலைக்கு வாருங்கள். ஆர்.டி.ஓ.வில் பழைய கோப்பு கிடைக்கவில்லை என்று திருப்பி அனுப்பினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

அண்டை வீட்டாருக்கும் உரிமை உண்டு. குடியிருப்புப் பகுதியில் ஒலி பகலில் 55 டெசிபலையும், இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை 45 டெசிபலையும் தாண்டக் கூடாது. சொந்த வண்டியைப் பார்ப்பது ஒன்று. காசு வாங்கி அடுத்தவர் வண்டியைப் பார்த்தால் அது தொழில், அதற்கு மாநகராட்சியின் உரிமம் வேண்டும். செல்லாரில் அப்படி ஒரு பட்டறை நடக்கிறது, டிரம் அடுக்கியிருக்கிறது என்றால் குடியிருப்போர் சங்கம் வாய்மொழியாகச் சொல்வதோடு நிற்கக் கூடாது. மாநகராட்சிக்கும் தீயணைப்புத் துறைக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கி வையுங்கள்.

கடைசியாக, பட்டறையில் சிக்கிய வண்டி. முன்பணம் வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் இழுப்பதும், அசல் பாகங்கள் காணாமல்போவதும் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கிறது. செய்த வேலைக்கான கூலி வரும்வரை வண்டியை நிறுத்திவைக்க மெக்கானிக்குக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவில் உரிமை உண்டு. அதை விற்கவோ பாகங்களைக் கழற்றவோ உரிமை இல்லை. வண்டியை விடும் நாளில் நான்கு பக்கமும், இன்ஜின் எண், மீட்டர், விளக்குகள், பம்பர் எல்லாவற்றையும் படமெடுத்து, வேலைப் பட்டியலும் கெடுவும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பணத்தை வங்கி வழியே கொடுங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். கொடுத்த தொகை 50 லட்சத்துக்கு மேற்படாதவரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பட்டறை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் தொடுத்துவிட வேண்டும். ‘அடுத்த மாசம் முடிச்சுத் தர்றேன் சார்’ என்ற பேச்சை நம்பிக் காத்திருப்பவர்கள், ரசீதை எடுத்து அதிலுள்ள தேதியை இன்றே பாருங்கள்.