உருண்டைச் செம்பில் பெயர் வெட்ட எந்த போர்டு வாங்கலாம்?

திருப்பூர் என்றால் பனியன்தான். ஆனால் அவிநாசி சாலையில் உள்ள அனுப்பர்பாளையத்துக்குப் பேர் வாங்கித் தந்தது பாத்திரத் தொழில். பித்தளை, தாமிரம், எவர்சில்வரில் அண்டாவும் குடமும் செம்பும் செய்யும் பட்டறைகள் இங்கும், பக்கத்து வேலம்பாளையம், அங்கேரிபாளையம் பகுதிகளிலும் இயங்குகின்றன. சீருக்குப் பாத்திரம் எடுப்பவர்கள் கடையிலேயே பெயர் வெட்டி வாங்கிப் போவது தமிழ்நாடெங்கும் வழக்கம். கையில் பிடிக்கும் மின்கருவியால் பழகிய ஆள் அதைச் சட்டென்று முடித்துவிடுவார். ஒரே சின்னத்தை நூறு செம்பில் கொஞ்சமும் மாறாமல் போட வேண்டும் என்று வரும்போதுதான், வீட்டிலேயே சேர்த்துக் கட்டக்கூடிய, கணினிக் கட்டளைப்படி இயங்கும் சின்ன சிஎன்சி எந்திரத்தின் பக்கம் பார்வை திரும்புகிறது.

சட்டமும் ஸ்குரூவும் பட்டறைக்காரர்களுக்குப் புதிதல்ல. தடுமாற்றம் எலக்ட்ரானிக்ஸில்தான்.

அதில் மூன்று அடுக்கு உண்டு. வரைபடத்திலிருந்து உருவான ஜி-கோடைப் படித்து, எந்த மோட்டார் எப்போது எவ்வளவு நகர வேண்டும் என்று துடிப்புகளாக மாற்றுவது கன்ட்ரோலர். அந்தத் துடிப்புக்கு ஏற்ப மோட்டாருக்குக் கரண்ட் கொடுப்பது டிரைவர். இரண்டுக்கும் மின்சாரம் தருவது பவர் சப்ளை.

கன்ட்ரோலரில் மலிவான வழி, அர்டுவினோ ஊனோ போர்டில் ஓடும் 'ஜிஆர்பிஎல்' என்ற இலவச மென்பொருள். நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்செத் 2009-இல் தொடங்கியது. வெறும் 32 கிலோபைட் நினைவகத்தில் அடங்கிவிடும். நொடிக்குச் சுமார் 30,000 துடிப்பு வரை அனுப்பும். இது போதுமா? சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி எடுத்து வைக்கும். டிரைவர் ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பிரித்தால் 1,600. ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் ஸ்குரூ என்றால், மி.மீ.க்கு 320 துடிப்பு. ஆக, கணக்குப்படி நிமிடத்துக்கு 5,600 மி.மீ. வேகம் கிடைக்கும். பித்தளையில் எழுத்து வெட்ட இதில் சிறு பங்கே தேவைப்படும்.

மற்ற வழிகளில், மாக்-3 பல ஆண்டுகள் இத்துறையில் கோலோச்சியது. பழைய கணினிகளின் பேரலல் போர்ட்டை நம்பி எழுதப்பட்ட மென்பொருள் அது. அந்தப் போர்ட் புதுக் கணினிகளில் இல்லை. 64-பிட் விண்டோஸில் அந்த வழி வேலையும் செய்யாது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் 1990-களில் பிறந்த திட்டத்தின் வழி வந்தது லினக்ஸ்சிஎன்சி. இலவசம், திறமையானது. ஆனால் அதற்கென ஒரு கணினியை ஒதுக்கி, பொறுமையாகப் பழக வேண்டும்.

டிரைவரில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். அர்டுவினோவின் மேல் பொருத்தும் பலகையில் செருகும் ஏ4988 சில்லு, நன்றாகக் குளிர வைத்தாலும் 2 ஆம்பியர்தான் தாங்கும். நெமா 17 என்ற சிறிய அளவு மோட்டாருக்கு அது சரி. 3 ஆம்பியர் கேட்கும் பெரிய நெமா 23 மோட்டாரை அதில் மாட்டினால் சூடேறும், எந்திரம் அடி தவறும். அதற்கு 50 வோல்ட், 4.2 ஆம்பியர் வரை தாங்கும் டிஎம்542 போன்ற தனி டிரைவர் வேண்டும். எந்த டிரைவரானாலும், மின்சாரம் ஓடும்போது மோட்டார் ஒயரைக் கழற்றினால் டிரைவர் போய்விடக்கூடும்.

அனுப்பர்பாளையத்துக்கே உரிய சிக்கல் இனிமேல்தான். செம்பு தட்டையாக இல்லை. அதைச் சுழற்றிக்கொண்டே வெட்ட வேண்டும். ஊனோவில் ஓடும் ஜிஆர்பிஎல்லுக்கு மூன்று அச்சுதான் தெரியும். நான்காவதாகச் சுழல் அச்சைச் சேர்க்க முடியாது. ஆனாலும் வழி இருக்கிறது. ஒய் அச்சு மோட்டாரைக் கழற்றிவிட்டு, செம்பைச் சுழற்றும் மோட்டாரை அந்த இடத்தில் இணைக்கலாம். விட்டம் 100 மி.மீ. உள்ள செம்பின் சுற்றளவு 314 மி.மீ. மோட்டாரை நேரடியாக மாட்டினால் ஒரு துடிப்புக்கு 0.2 மி.மீ. நகரும், எழுத்தின் வளைவு படிக்கட்டாகத் தெரியும். பெல்ட், புல்லி வைத்து வேகத்தை ஆறில் ஒன்றாகக் குறைத்தால் இது 0.03 மி.மீ. ஆகிவிடும். அப்போது மி.மீ.க்கு 30.6 துடிப்பு என்று மென்பொருளில் மாற்ற வேண்டும். வேறு அளவுச் செம்பு வந்தால் இந்த எண்ணும் மாறும். வயிற்றுப் பகுதியின் மேடு பள்ளத்துக்கு, ஸ்பிரிங் வைத்த வைர முனைக் கருவி ஓரளவு ஈடுகொடுக்கும்.

தட்டையான பலகையும் உருண்டைப் பாத்திரமும் மாறி மாறி வரும், அல்லது நான்கு அச்சும் ஒரே நேரத்தில் அசைய வேண்டும் என்றால், இஎஸ்பி32 போர்டில் ஓடும் ஃபுளூயிட்என்சி, 32-பிட் போர்டுகளுக்கான ஜிஆர்பிஎல்ஹால் ஆகியவற்றைப் பார்க்கலாம்.

பாலீஷ் மோட்டார்கள் ஓடும் பட்டறையில் மின் இரைச்சல் அதிகம். அச்சு எல்லையைத் தொட்டால் எந்திரத்தை நிறுத்தும் லிமிட் சுவிட்சை எதுவும் தொடாமலே எந்திரம் நின்றுபோகலாம். அந்த ஒயர்களை உறையிட்ட கேபிளாகப் போட்டு, மோட்டார் ஒயர்களிலிருந்து தள்ளிக் கொண்டுபோக வேண்டும். அவசர நிறுத்தப் பட்டன் கன்ட்ரோலருக்குச் செய்தி சொல்வதோடு நிற்காமல், மோட்டாருக்கும் வெட்டும் தலைக்கும் போகும் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும்.

வாங்கப் போகுமுன் எத்தனை அச்சு, மோட்டாருக்கு எத்தனை ஆம்பியர், மி.மீ.க்கு எத்தனை துடிப்பு என்ற மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். செம்பில் பெயர் வெட்டுவது மட்டும்தான் வேலை என்றால் அர்டுவினோவே போதும். மிச்சமாகும் பணத்தை நல்ல டிரைவருக்கும் பவர் சப்ளைக்கும் போடுங்கள்.