காது கேளாத காவற்காரன்

பயனற்ற செயலைக் குறிக்க, 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. நெய்க்காரப்பட்டியில் கரும்புத் தோட்டத்தின் நடுவே குடியிருக்கும் எங்கள் குடும்பத்தார் இப்பழமொழியை இப்போதெல்லாம் எடுத்தாளுவதில்லை. எங்கள் வீட்டு நாய் முத்து பிறவியிலேயே காது கேளாதது. ஐந்து ஆண்டுகளாக அதனோடு பழகி நாங்கள் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

முத்து இராஜபாளையம் இனத்தைச் சேர்ந்தது. கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றைப் போல இதுவும் நம் தமிழ்நாட்டுக்கே உரிய இனமாகும். பால் போன்ற வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் இதன் அடையாளங்கள். 2005-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, அவற்றுள் ஒன்றாக இராஜபாளையமும் இடம்பெற்றது. இத்தனை பெருமை வாய்ந்த இனத்தில் பிறவிச் செவிடு தோன்றுவது ஏன்?

நாய்க்குட்டிகள் பிறக்கும்போது அவற்றின் காதுத்துளைகள் மூடியே இருக்கும். ஏறக்குறைய இரண்டு வாரங்களில் அவை திறக்கும். அதன்பின் சிறு ஓசைக்கும் குட்டிகள் தலை தூக்கிப் பார்க்கும். முத்து எங்களிடம் வந்தபோது அதற்கு ஏழு வாரம். சோற்றுத் தட்டைத் தட்டினாலும் எழாது. கிணற்று மோட்டார் இரைந்தாலும் அசையாது உறங்கும். கால்நடை மருத்துவர் அதன் முதுகுப்புறம் நின்று பலவாறு ஓசை எழுப்பிப் பார்த்து, காது கேளாது என்று கூறினார். திட்டமாக அறிய மின்கருவிச் சோதனையும் உண்டு. தலைத்தோலில் மெல்லிய கம்பிகளைப் பொருத்தி, காதில் ஒலியைச் செலுத்தி, மூளையில் எழும் மின்னலைகளைப் பதிவு செய்வார்கள். பிறந்த குழந்தைகளுக்கும் இதே முறையில் சோதனை செய்வதுண்டு. ஒரு காது மட்டும் கேளாத நாயைக் கண்டறிய இச்சோதனை ஒன்றே வழி. ஏனெனில் அத்தகைய நாய் மற்றக் காதின் உதவியால் எல்லாம் கேட்பது போலவே நடந்துகொள்ளும்.

இக்குறைக்கும் வெண்மை நிறத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. தோலுக்கும் ரோமத்துக்கும் கண்ணுக்கும் நிறம் தருபவை நிறமி உயிரணுக்கள். கருவில் இவை முதுகுப் பகுதியில் தோன்றி உடலெங்கும் பரவுகின்றன. இவற்றுள் சில, நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் உட்செவிக்கும் சென்று சேர்கின்றன. அங்கே அவற்றின் வேலை நிறம் தருவதன்று. உட்செவித் திரவத்தில் பொட்டாசியம் முதலியவற்றின் அளவைக் காக்கும் மெல்லிய திசு ஒன்று உண்டு; அது உயிரோடிருக்க இவ்வணுக்கள் வேண்டும். வெண்மைக்குக் காரணமான சில மரபணுக்கள் இவற்றின் பரவலைக் குறைத்துவிடுகின்றன. உட்செவிக்கு இவை போய்ச் சேராவிட்டால், பிறந்த மூன்று நான்கு வாரங்களுக்குள் அத்திசு வாடிவிடும். பிறகு ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்களும் அழிந்துபோகும். அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே மருந்தோ, காதில் காய்ச்சி ஊற்றும் எண்ணெயோ இதற்குப் பயன்படாது.

வெள்ளை நாய்கள் எல்லாமே செவிடு என்று இதற்குப் பொருளில்லை. உடல் வெளுத்திருந்தாலும் உட்செவியில் நிறமியணுக்கள் இருந்தால் காது நன்றாகவே கேட்கும். நீலக்கண் பூனைகள் செவிடாக இருப்பதை டார்வின் 1859-இல் வெளியிட்ட தமது நூலிலேயே குறிப்பிட்டார். அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட டால்மேஷன் நாய்களில் 100-க்கு ஏறக்குறைய 30 நாய்களுக்கு ஒரு காதோ இரு காதுமோ கேட்பதில்லை. மனிதரிலும் இதற்கு ஒப்பான நிலை உண்டு. நெற்றியில் ஒரு கற்றை வெண்மயிர், வெளிர்நீலக் கண்கள், காது கேளாமை ஆகியவை சேர்ந்து வருவதை 1951-இல் வார்டன்பர்க் என்ற டச்சு மருத்துவர் விளக்கினார்.

இனி, நாங்கள் முத்துவோடு வாழும் முறையைச் சொல்கிறோம். வாய்ச்சொல்லுக்குப் பதில் கைச்சைகை. கையை வீசி மார்பில் சேர்த்தால் 'வா'; உள்ளங்கையை விரித்துக் காட்டினால் 'நில்'; கட்டைவிரலை உயர்த்தினால் 'நல்ல பிள்ளை'. சொன்னபடி செய்தவுடன் ஒரு துண்டு ரொட்டி கொடுப்போம். இருட்டில் அழைக்க டார்ச் விளக்கை இருமுறை மின்ன விடுவோம். உறங்கும்போது திடீரென்று தொடமாட்டோம். திடுக்கிட்டு விழிக்கும் நாய் கடித்துவிடலாம். எனவே அருகில் தரையைக் காலால் தட்டுவோம். அதிர்வை உணர்ந்து தானாகவே கண் திறக்கும். கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் பேருந்துகளும் ஓடும் சாலைப் பக்கம் சங்கிலி இல்லாமல் விடுவதில்லை. வெளிறிய தோல் வெயிலில் எளிதில் புண்ணாகும் என்பதால் உச்சிவேளையில் நிழலில் கட்டுகிறோம்.

காவல் காக்குமா என்று கேட்பவர்கள் பலர். எங்கள் வீட்டில் வயதான நாட்டு நாய் ஒன்றும் உண்டு. அது காதை விறைத்த உடனே முத்து எழுந்து வாசலுக்கு ஓடிவிடும். மோப்பத்திலும் பார்வையிலும் அதை ஏமாற்ற முடியாது. தொடக்கத்தில், "இதை வளர்த்து என்ன பிரயோசனம், எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்று அறிவுரை கூறியவர்கள் உண்டு. எங்கள் அப்பத்தாதான், "வந்த ஜீவனைத் துரத்தக் கூடாது" என்று உறுதியாக நின்றார்கள். இன்று முத்து படுப்பது அப்பத்தாவின் கட்டிலடியில்.

எனினும் அன்பு காட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. இக்குறை பரம்பரையாக வருவது. காது கேட்கும் பெற்றோருக்கும் செவிட்டுக்குட்டி பிறக்கலாம். ஆகவே முத்துவுக்குக் கருத்தடை அறுவை செய்துவிட்டோம். குறையுள்ள குட்டியை ஈன்ற நாய்களையும் இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. முற்காலத்தில், ஓர் ஈற்றில் நிறமுள்ள குட்டிகள் பிறந்தால் அவற்றைக் கழித்துவிட்டுத் தூய வெள்ளைக் குட்டிகளையே வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. வெண்மையை விரும்பித் தேர்ந்தெடுத்தது மனிதன். அதற்கு விலை கொடுப்பது வாயற்ற பிராணி. அந்த வெண்மையைப் புகழ்ந்துவிட்டு, அதனோடு வந்த செவிட்டுத்தன்மைக்காகக் குட்டியை வீதியில் விடுவது என்ன நியாயம்?

எனவே, நாய்க்குட்டி வாங்க விரும்பும் பெற்றோர்களே, உடம்பில் ஒரு புள்ளியாவது இருக்கிறதா என்று தேடுவதை விட, குட்டிக்கும் அதன் பெற்றோருக்கும் காது கேட்கிறதா என்று விசாரியுங்கள். அன்புத் தோழியரே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ அழைத்தால் திரும்பாத குட்டி ஒன்றைக் கண்டால், திமிர் என்று எண்ணி அடிக்காதீர்கள். அதன் எதிரே சென்று, அது பார்க்கும்படி கையை அசையுங்கள். அது உங்களிடம் ஓடி வரும்.