இரு பக்கமும் நிற்கும் உத்தியோகம்

வேலை தேடிச் செல்லும் இளைஞன் பெரிய நிறுவனமொன்றில் முதலிற் சந்திப்பது பெரும்பாலும் மனிதவள முகாமையாளரையே. வேலையை விட்டு நீங்கும் நாளிலும் அவர் முன்னிலையிலேதான் இறுதிக் கையொப்பம் இடவேண்டியிருக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் என்ன செய்கிறார் என்று கேட்டால், "லீவு கொடுக்கிறார்" என்ற அளவோடு நம்மவர் பலர் நிறுத்திக்கொள்வர்.

இவ்வுத்தியோகம் பிறந்த கதை சுவையானது. இங்கிலாந்திலே யோர்க் நகரத்து ரௌண்ட்ரீ கொக்கோத் தொழிற்சாலையில், பெண் தொழிலாளரின் நலனைக் கவனிப்பதற்கென 1896ஆம் ஆண்டில் மேரி வுட் என்னும் மாது நியமிக்கப்பட்டார். இத்தகைய நலன்புரி உத்தியோகத்தர்கள் 1913ஆம் ஆண்டில் அதே நகரிற் கூடித் தமக்கென ஒரு சங்கமும் அமைத்தனர். முதலாளியிடம் சம்பளம் பெற்றுக்கொண்டு தொழிலாளருக்காகப் பேசும் அந்த இக்கட்டான நிலை அன்று தொடங்கியது. இன்றும் அது தீரவில்லை.

நம் நாட்டில் இவ்வுத்தியோகத்தரின் மேசைமேல் எப்போதும் இருக்கவேண்டியவை தொழிற் சட்டங்கள். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஊழியரின் பங்கு நூற்றுக்கு 8. தொழில் தருநரின் பங்கு நூற்றுக்கு 12. மாதம் 60,000 ரூபா உழைப்பவருக்கு 4,800 ரூபா சம்பளத்திற் கழிக்கப்படும். மற்றைய 7,200 ரூபா முதலாளியின் பணப்பெட்டியிலிருந்து வரவேண்டியது. அதனையும் ஊழியர் தலையிற் சுமத்துதல் சட்டவிரோதமாகும். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நூற்றுக்கு 3 வீதம் செலுத்துவதும் முதலாளியின் கடனே.

பணிக்கொடையிலேதான் மனச்சாட்சிக்குச் சோதனை வருகின்றது. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாத ஊழியர் உள்ள இடத்தில் ஐந்தாண்டு சேவையை முடித்த மாதச் சம்பளக்காரருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் அரைமாதச் சம்பளம் சேரும். மேற்கூறியவர் பத்தாண்டு உழைத்தால் அது 300,000 ரூபா. ஐந்தாண்டு நிறைவதற்குச் சில வாரங்கள் இருக்கையில், "இவரை இப்போதே அனுப்பிவிடலாமா?" என்று மேலிடம் கேட்குமாயின், முகாமையாளர் என்ன விடை கூறுவார்? 1971ஆம் ஆண்டின் சட்டம் அவருக்குத் துணை நிற்கிறது. ஒழுக்கக் குற்றம் இல்லாத இடத்து, ஊழியரின் எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ இன்றி அத்தகைய நிறுவனம் அவரை நீக்கலாகாது. ஆயினும் மேலிடத்தின் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்வதற்குச் சட்ட அறிவு மட்டும் போதுமா? அங்கேதான் ஆளை அளக்கலாம்.

குற்றம் சாட்டப்பட்ட ஊழியரை விசாரிக்கும்போது இன்னொரு சங்கடம் உண்டு. குற்றப்பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் பெறுபவர் தமிழோ சிங்களமோ மாத்திரம் அறிந்தவராயிருப்பார். விளங்காத கடிதத்திற்கு விளக்கம் எழுதித் தரும்படி ஒருவரைக் கேட்பது என்ன நியாயம்? இத்துறையை நாடும் மாணவர் மும்மொழியிலும் பழகுதல் நலம் என்பது இதனாலேயே. பட்டமும் கணினியும் பிறகு வந்து சேரும். நீக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபையை நாடினால், அந்த விசாரணைக் குறிப்புகளெல்லாம் அங்கே புரட்டிப் பார்க்கப்படும்.

குடும்பங்களுக்கும் இங்கே ஒரு காரியம் உண்டு. அடையாள அட்டையில் "சிவலிங்கம்" என்றும் சேமலாப நிதிப் பதிவில் வேறோர் எழுத்துக்கூட்டலிலும் பெயர் இருக்குமாயின், முதுமையிற் பணம் பெறுவதற்கு அலைய நேரும். கணவர் காலமாகிவிட்டால் மனைவியின் அலைச்சல் இரட்டிப்பாகும். ஊழியர் வேலையில் இருக்கும்போதே அவ்வெழுத்தைத் திருத்துவது மனிதவளப் பகுதிக்கு ஒரு கடிதத்தோடு தொடங்கக்கூடிய காரியம்.