ஒரு நாள் தாமதம், 3,170 ரூபாய் நஷ்டம்: நியாயமான சம்பளத்தை எதை வைத்து அளப்பது?

தமிழக அரசுப் பள்ளிகளில் 2009 மே 31-க்குள் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தவருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய். மறுநாள், ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். இருவரும் படித்தது ஒரே படிப்பு, எடுப்பது ஒரே பாடம், திருத்துவது அதே நோட்டு. காலண்டரில் ஒரு தாள் கிழிந்ததில் மாதம் 3,170 ரூபாய் போச்சு.

இது எப்படி நடந்தது? ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளை அமல்படுத்தியபோது, ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களின் பழைய அடிப்படைச் சம்பளமான 4,500 ரூபாயை 1.86-ஆல் பெருக்கினார்கள். 8,370 வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பெருக்குவதற்குப் பழைய சம்பளமே இல்லையே! அதனால் 5,200 – 20,200 என்ற புதிய ஊதியக் கட்டின் முதல் படியில் நிறுத்தினார்கள். 2,800 ரூபாய் தர ஊதியம் மட்டும் இரு தரப்புக்கும் ஒன்றே. அரசாணை எழுதிய மேசையில் இது வெறும் கணக்கு. சம்பளம் வாங்குகிறவர் வீட்டில் அது வேறு கதை.

ஏனென்றால் அடிப்படைச் சம்பளத்தில் விழுந்த ஓட்டை அப்படியே நிற்காது. அகவிலைப்படி அதன் மீதுதான் சதவீதமாகக் கணக்கிடப்படுகிறது. ஆண்டு ஊதிய உயர்வும் அப்படித்தான். ஏழாவது ஊதியக் குழு வந்தபோது எல்லோருடைய சம்பளத்தையும் 2.57-ஆல் பெருக்கினார்கள். 3,170 ரூபாயை மட்டும் 2.57-ஆல் பெருக்கிப் பாருங்கள்: சுமார் 8,147 ரூபாய். ஓட்டையும் சேர்ந்தே பெருகுகிறது. ஓய்வுக்காலப் பலன் வரை இந்த நிழல் கூடவே வரும்.

'சம வேலைக்குச் சம ஊதியம்' என்ற பதாகையோடு இந்த ஆசிரியர்கள் சென்னை நுங்கம்பாக்கம் டிபிஐ வளாகத்தில் பலமுறை உண்ணாவிரதம் இருந்திருக்கிறார்கள். 2023 ஜனவரியில், இதை ஆராய மூவர் குழு அமைக்கப்படும் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் அவர்கள் மறுபடியும் அதே வளாகத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 39(டி) பிரிவில் இருக்கிறது. ஆனால் அது வழிகாட்டு நெறி. அதை மட்டும் காட்டி வழக்கு போட முடியாது. 1982-ல் டெல்லி போலீஸில் டிரைவராக இருந்த ரந்தீர் சிங் தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் இதைச் சமத்துவ உரிமையோடு சேர்த்துப் படித்தது. டெல்லி நிர்வாகத்தின் மற்றத் துறை டிரைவர்களுக்குக் கிடைக்கும் சம்பளம் போலீஸ் டிரைவருக்கு ஏன் இல்லை என்பதே அவருடைய கேள்வி. 2016-ல் ஜக்ஜீத் சிங் வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது: தற்காலிக ஊழியர், நிரந்தர ஊழியரின் அதே வேலையைச் செய்தால், அந்தப் பதவிக்கான ஊதிய விகிதத்தின் ஆரம்பச் சம்பளமாவது அவருக்குத் தர வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வேலை ஒன்றுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு ஊழியர் தலையில். ஊதியத் திருத்தத்துக்கு 'கட்-ஆஃப்' தேதி வைக்கும் உரிமை அரசுக்கு உண்டு என்றும் பல வழக்குகளில் ஏற்கப்பட்டிருக்கிறது. அரசுகள் வழக்கமாகச் சொல்லும் பதில் நிதிச்சுமை. ஒரு பிரிவுக்குக் கொடுத்தால் இன்னொரு பிரிவும் வந்து நிற்கும் என்ற பயமும் உண்டு. அது பொய்யான காரணம் இல்லை. ஆனால் 'கையில் காசில்லை' என்பதும் 'நீ கேட்பது நியாயமில்லை' என்பதும் ஒரே பதில் ஆகாது. இந்த விவாதத்தில் முதலாவதைச் சொல்லி இரண்டாவதை ஒப்பேற்றிவிடுகிறார்கள்.

தமிழக அரசுப் பள்ளிகளில் இதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது. ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி சொல்லித்தர 2012-ல் பகுதிநேர ஆசிரியர்கள் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டார்கள். அது படிப்படியாக 12,500 வரை வந்தது. அவர்களுடைய கோரிக்கையில் 'சம ஊதியம்' பிறகுதான். முதலில் 'எங்களை நிரந்தரமாக்குங்கள்'.

தொழிலாளிக்கு: எத்தனை கலோரி?

ஆசிரியரிடம் 'எந்தத் தேதியில் சேர்ந்தாய்?' என்று கேட்கும் அமைப்பு, தொழிலாளியிடம் கேட்பது 'உயிரோடு இருக்க உனக்கு எவ்வளவு வேண்டும்?' என்று. குறைந்தபட்ச ஊதியத்துக்கான கணக்கு 1957-ல் நடந்த 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் போடப்பட்டது. ஒரு குடும்பம் என்றால் மூன்று நுகர்வு அலகு. ஓர் அலகுக்கு 2,700 கலோரி உணவு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி. அதோடு வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு. அந்த மூன்று அலகில் கணவர் 1, மனைவி 0.8, இரண்டு குழந்தைகளுக்கு 1.2. வயதான அம்மா, அப்பாவுக்கு இடமே இல்லை. குழந்தைகளின் படிப்பு, மருத்துவம், திருவிழா, முதுமை ஆகியவற்றுக்காக 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது 1990-களின் தொடக்கத்தில் வந்த ராப்டகோஸ் பிரெட் வழக்கின் தீர்ப்பு.

சரி, அந்தக் கணக்கின்படியாவது கிடைக்கிறதா? தேசிய அடிமட்ட ஊதியத்தை நிர்ணயிக்க மத்திய அரசு அமைத்த அனூப் சத்பதி குழு, 2018 விலைவாசியில் நாளொன்றுக்கு 375 ரூபாய் என்று 2019-ல் பரிந்துரைத்தது. அதே ஆண்டு அரசு அறிவித்த தொகை 178 ரூபாய். அதற்கு முன்பு 176. இரண்டு ரூபாய் ஏற்றினார்கள்! மாதம் 26 நாள் வேலை பார்த்தாலும் 4,628 ரூபாய்தான். மாநிலங்கள் அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியம் பெரும்பாலும் இதைவிட அதிகம். அந்த 178 வெறும் ஆலோசனையாகத்தான் இருந்தது, மாநிலங்களைக் கட்டுப்படுத்தவில்லை. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு அடிமட்ட ஊதியத்துக்குச் சட்ட பலம் தருகிறது. அந்தத் தொகை எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தக் கலோரிக் கணக்கைத் தாண்ட ஒரே வழி, தொழிலாளிகள் சேர்ந்து பேரம் பேசுவது. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9-ல் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. அங்கே முன்னால் நின்ற கோரிக்கை, சங்கத்தை அங்கீகரியுங்கள் என்பது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. மே மாதம் ஒப்பந்தம் வந்தது: மூன்று ஆண்டுகளில் மாதச் சம்பளத்தில் 18,000 ரூபாய் உயர்வு, அதில் முதல் ஆண்டே 9,000. வேலை மாறவில்லை, ஆலை மாறவில்லை. பேச்சுவார்த்தை மேசையில் ஒரு நாற்காலி கூடியது, அவ்வளவுதான்.

சிஇஓவுக்கு: வெளியே எவ்வளவு கிடைக்கும்?

இன்ஃபோசிஸ் தலைமைச் செயல் அதிகாரி சலீல் பரேக்கின் 2024-25 நிதியாண்டு ஊதியம் சுமார் 80.6 கோடி ரூபாய். அந்த நிறுவன ஊழியர்களின் 'மீடியன்' சம்பளத்தைப் போல இது 752 மடங்கு. மீடியன் என்றால், எல்லா ஊழியர்களையும் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் சரியாக நடுவில் நிற்பவர் வாங்குவது. கணக்குப் போட்டால் ஆண்டுக்குப் பத்தே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஆனால் வரிசையின் கடைசியில் நிற்கும் ஃபிரெஷரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய ஐடி நிறுவனங்களில் அவருடைய ஆரம்ப சிடிசி பத்து ஆண்டுகளுக்கும் மேலாக மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. 3.6 லட்சம் என்று வைத்தால், இடைவெளி 2,200 மடங்கைத் தாண்டுகிறது.

எதிர்வாதமும் இருக்கிறது. அந்த 80 கோடியில் பாதிக்கு மேல் பங்குகளாக வந்தது. மாதாமாதம் கணக்கில் விழும் பணம் இல்லை. லட்சக்கணக்கானவர்களின் வேலையும் முதலீட்டாளர் பணமும் ஒருவர் எடுக்கும் முடிவில் தொங்குகிறது. அமெரிக்க நிறுவனங்களின் சிஇஓக்களோடு ஒப்பிட்டால் இது குறைவு. எல்லாம் உண்மைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: உலகச் சந்தை விலையோடு ஒப்பிடும் சலுகை இங்கே மேலே இருப்பவருக்கு மட்டும். ஃபிரெஷர் 'அமெரிக்காவில் இதே கோடுக்கு எவ்வளவு தெரியுமா?' என்று கேட்டால், ஹெச்ஆர் சிரிப்பார். கீழே இருப்பவரின் சம்பளம் மலிவாக இருப்பதுதானே இந்தத் தொழிலின் அடித்தளமே.

வரம்பே இல்லையா? கம்பெனிகள் சட்டம் 197-வது பிரிவின்படி, பொது நிறுவனம் தன் இயக்குநர்கள், மேலாளர் அனைவருக்கும் சேர்த்துத் தரும் ஊதியம் அந்த ஆண்டின் நிகர லாபத்தில் 11 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீற வேண்டுமானால் பங்குதாரர் பொதுக்கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும். லாபத்தோடு ஒப்பிட்டு வரம்பு வைத்தவர்கள், ஊழியர் சம்பளத்தோடு ஒப்பிட்டு வைக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் அதை முயன்றார்கள். ஒரு நிறுவனத்தின் அதிகபட்சச் சம்பளம் குறைந்தபட்சத்தைப் போல 12 மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று 2013-ல் பொது வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் வேண்டாம் என்று வாக்களித்தார்கள்.

விசித்திரம் என்னவென்றால், அதற்குப் பக்கத்தில் வரும் ஒரு விகிதம் இந்தியாவிலேயே இருக்கிறது. ஏழாவது ஊதியக் குழுவின்படி மத்திய அரசில் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய், உச்சத்தில் இருக்கும் கேபினட் செயலாளருக்கு 2.5 லட்சம். கிட்டத்தட்ட 14 மடங்கு. ஆனால் இந்த அழகான விகிதத்துக்குள் ஒப்பந்த ஊழியர் வர மாட்டார், தொகுப்பூதியக்காரர் வர மாட்டார்.

தனியார் நிறுவனத்திலும் அதே ஓட்டை உண்டு. உங்கள் கம்பெனி பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தால், இயக்குநர் சம்பளத்துக்கும் மீடியன் சம்பளத்துக்கும் உள்ள விகிதத்தை ஆண்டுதோறும் வெளியிட்டே ஆக வேண்டும். ஆண்டறிக்கை பிடிஎஃப்பைத் திறந்து 'மீடியன்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் தேடினால் போதும், இயக்குநர் குழு அறிக்கையின் இணைப்பில் சிக்கும். அந்த விகிதத்தில் கம்பெனியின் சொந்த ஊழியர்கள் மட்டுமே கணக்கு. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, கேண்டீனில் தட்டு கழுவுகிறவர், ராத்திரி ஷிஃப்டில் கேப் ஓட்டுகிறவர் எல்லோரும் பெரும்பாலும் கான்ட்ராக்டரின் ஆட்கள். அவர்களை வெளியே மாற்றிவிட்டால், உள்ளே யாருக்கும் ஒரு ரூபாய்கூட ஏற்றாமலேயே மீடியன் உயர்ந்துவிடும்.