துறைமுகம் இருந்தால் போதுமா?

தென்மாவட்டங்களைத் தனி மாநிலமாக்கினால் பிழைக்குமா என்று கேட்டால், பலரும் தூத்துக்குடித் துறைமுகத்தைத்தான் முதலில் நினைப்பார்கள். அந்தக் கணக்கு தவறு. முத்துக்குளித்த காலத்தில் விளைச்சலில் ஒரு பங்கு, கரையை ஆண்டவர்களுக்கு நேராகப் போனது. போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதற்காகவே இந்தக் கரையை விடவில்லை. முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. 1974-இல் பெருந்துறைமுகமான இன்றைய வ.உ.சிதம்பரனார் துறைமுகமோ ஒன்றிய அரசின் சொத்து. சுங்கவரி முதலில் டெல்லிக்குப் போகிறது. ஜி.எஸ்.டி.யில் மாநிலப் பங்கு, பொருள் நுகரப்படும் மாநிலத்துக்கே சேரும். இங்கே இறங்கும் சரக்கு கோயம்புத்தூரில் விற்றால், புதிய மாநிலத்துக்கு அந்த வரியில் ஒரு காசும் கிடைக்காது; லாரிகள் தேய்க்கும் சாலையும் நிலக்கரித் தூசியும்தான் மிஞ்சும்.

2000-இல் பிறந்த உத்தராகண்ட் வளரவில்லையா என்று கேட்கலாம். வளர்ந்தது, உண்மை. ஆனால் அரித்துவாருக்கும் பந்த்நகருக்கும் ஆலைகள் திரண்டு வந்ததில் 2003-இல் ஒன்றிய அரசு தந்த வரிச்சலுகைக்குப் பெரிய பங்குண்டு, ஜி.எஸ்.டி. வந்தபின் அத்தகைய சலுகைக்கு இடம் மிகக் குறைவு. 2014-இல் ஐதராபாத் தெலங்கானாவுக்குப் போக, ஆந்திரம் புதிய தலைநகரம் கட்டக் கடன் வாங்கி அல்லாடுகிறது. நிர்வாகம் மக்களுக்கு அருகில் வர வேண்டும் என்ற ஏக்கம் நியாயமானது. 1986-இல் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி மாவட்டத்தைப் பிரித்தது, புதிய சட்டமன்றமோ தலைமைச் செயலகமோ இல்லாமலே அந்த நெருக்கத்தில் பெரும்பகுதியைத் தந்தது. துறைமுக வருவாயில் தூத்துக்குடி மாநகராட்சிக்கு ஒரு நிலையான பங்கைச் சட்டப்படி கேட்பதே அடுத்த வேலை.